கர்ப்பப்பைக்கும் வாய் உண்டா?

கிரிவலப் பாதையை ஒட்டிய அடி அண்ணாமலையில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிற நர்ஸ் அன்புச்செல்வி, எழிலரசியின் கையில் சுற்றிய பட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"உனக்கு எல்லாம் நார்மல்தான். வர்ற புதன்கிழமை நம்ம ஹெல்த் சென்டர்ல கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு டெஸ்ட் பண்றோம். முப்பது வயசு தாண்டுன பொம்பளைங்க எல்லாரும் வரலாம்."

காலையிலிருந்து இதைப் பல வீடுகளில் சொல்லியிருந்தார். சிலர் தலையை ஆட்டினார்கள். சிலர் புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்ததுமே அடுப்பில் ஏதோ இருப்பதுபோல உள்ளே போய்விட்டார்கள். எழிலரசி இரண்டையும் செய்யவில்லை.

"கர்ப்பப்பைக்கு வாயா? அதுக்கு வாய் இருக்குதா சிஸ்டர்?"

பையை மூடப்போன அன்புச்செல்வி நிறுத்தினார். இத்தனை வருட வேலையில் இப்படி யாரும் கேட்டதில்லை.

"இருக்குதே. கொழந்தை அதைத் தாண்டித்தானே வெளிய வருது."

"அது தெரியும். அது..." எழிலரசி குரலைத் தாழ்த்தினாள்.

"நீ நினைக்கிறது வேற. அது வெளிய. இது உள்ளார, மேல இருக்கும். கர்ப்பப்பையோட அடிப்பக்கம்."

"ரெண்டு பெத்தவ நானு. எனக்கே தெரியலையே! எப்படி இருக்கும்?"

"உன் மூக்கு நுனியைத் தொட்டுப் பாரு. தொட்டா அந்த மாதிரிதான் இருக்கும். நடுவுல சின்னதா ஒரு ஓட்டை."

நர்ஸ் அடுத்த வீட்டுக்குப் போன பிறகும் எழிலரசி வாசலில் நின்று மூக்கு நுனியை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் இளவரசன், "மூக்குல இன்னா பரு வந்துச்சா?" என்று கேட்டான். அவள் சிரித்தாள்.

எழிலரசி சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்பா வாங்கி வந்த புது டார்ச் லைட்டை வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் பிரித்துப் போட்டு அடி வாங்கியவள். பத்தாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் இனப்பெருக்கப் பாடம் வந்ததும், "இதை வீட்ல படிச்சுக்குங்க" என்று பக்கத்தைத் தள்ளிவிட்டார். வகுப்பே நிம்மதியாக அடுத்த பாடத்துக்குப் போனது. எழிலரசி மட்டும் வீட்டில் அந்தப் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் வைத்துப் பார்த்தாள். கொம்பு வைத்த மாட்டுத் தலை மாதிரி இருந்தது. அதற்கு மேல் புரியவில்லை. கேட்கவும் ஆளில்லை.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகிற சந்தில் ஒரு கஃபே இருக்கிறது. அங்கே சமையல் வேலை. பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தாள். ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண்மணி ஒருத்தி ரொட்டிக்கு மாவு பிசைவதைப் பார்த்து, ஏன் உப்புகிறது, ஏன் புளிக்கிறது என்று சைகையிலும் பாதி இங்கிலீஷிலும் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவளே ரொட்டி சுடத் தொடங்கினாள். இன்று அந்தக் கஃபேயில் ரொட்டி, சாலட், ஊறவைத்த காய் எல்லாம் அவள் கைதான். மகன் மாறன் ஐ.டி.ஐ.யில் படிக்கிறான். மகள் தென்றல் எட்டாவது.

புதன்கிழமை அவள் ஹெல்த் சென்டருக்குப் போனாள். பயந்து போகவில்லை. அவளுக்கு வலியோ, வெள்ளைப்படுதலோ, வேறு எந்தத் தொந்தரவோ இல்லை. அது எப்படி இருக்கும், எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே பெஞ்சில் சில பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி இவள் முறை வருவதற்குள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். உள்ளே ஒரு கட்டில், பச்சைத் திரை, கழுத்து வளைந்த விளக்கு. தட்டில் பளபளவென்று ஒரு கருவி இருந்தது. பார்வைக்கு வாத்து மூக்கு மாதிரி.

"இதுதான் உள்ள வைக்கிறதா? நான் தொட்டுப் பாக்கலாமா?"

அன்புச்செல்வி வேறொன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். எழிலரசி அதைத் திறந்து மூடிப் பார்த்தாள். எந்தப் பக்கம் விரியும், எவ்வளவு விரியும் என்று தெரிந்ததும் உடம்பில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. கட்டிலில் ஏறிப் படுத்தாள். கருவி சில்லென்று இருந்தது. கூச்சமாக இருந்தது. வலிக்கவில்லை. அப்போது ஒரு வாசனை வந்தது.

"சிஸ்டர்! இது வினிகர் வாசனையாச்சே?"

கால்மாட்டில் அன்புச்செல்வி சிரிப்பது கேட்டது. "உன் மூக்குக்கு ஒண்ணும் தப்பாது போல. ஆமா, கிட்டத்தட்ட அதேதான். பஞ்சுல தொட்டுத் தடவிட்டு ஒரு நிமிஷம் பாப்போம். நல்லா இருக்கிற எடம் அப்படியே ரோஸ் கலர்லயே இருக்கும். மாறியிருக்கிற எடம் மட்டும் வெள்ளையாயிடும்."

"வெங்காயத்துக்குப் போடுற வினிகரா இந்த வேலை பாக்குது?"

நிமிடம் போனது. இன்னும் கொஞ்சம் போனது.

"இன்னா சிஸ்டர், சத்தத்தையே காணோம்?"

"ஒரு எடத்துல வெள்ளையாத் தெரியுது எழிலரசி." நர்ஸின் குரல் நிதானமாக இருந்தது. "பயப்படாத. இது கேன்சர்னு அர்த்தமில்ல. புண்ணு இருந்தாலும் இப்படி வரும். பெரிய ஆஸ்பத்திரில டாக்டர் மிஷின் வெச்சுப் பாத்துச் சொல்லுவாங்க. ஆனா கண்டிப்பா போவணும். அப்பால பாத்துக்கலாம்னு விட்ராத."

எழிலரசி புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். கேட்பதற்கு நிறைய இருந்தது. முதல் தடவையாக எதைக் கேட்பதென்று தெரியவில்லை.

வீட்டில் இளவரசன் கத்தினான். "உன்னை யாரு போவச் சொன்னா? நல்லா இருக்கிற உடம்பைக் கொண்டுபோய்க் காட்டுனா அவங்க ஏதாச்சும் சொல்லத்தான் செய்வாங்க. போவாம இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது!"

"பேச்சு வந்திருக்காது. அந்த வெள்ளை இருந்திருக்கும்ல?"

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கோபம் இல்லை அது. எழிலரசிக்குத் தெரியும். அவனுடைய அக்கா செங்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். மெலிந்து மெலிந்து, யாரும் அருகில் போய் உட்கார முடியாத நாற்றத்தோடு செத்துப்போனாள். வயிற்றில் கட்டி என்றார்கள். எந்த இடத்தில், என்ன கட்டி என்று அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அப்போது புது மருமகளாக இருந்த எழிலரசி கேட்டதற்கு, "பொம்பளை சமாச்சாரம், விடு" என்று மாமியார் அடக்கிவிட்டார். இத்தனை வருடம் கழித்து அவளுக்குள் அந்தக் கேள்வி மறுபடி எழுந்தது. நாத்தனாருக்கு வந்தது இதுதானோ?

பெரிய ஆஸ்பத்திரிக்கு இளவரசன்தான் வண்டியில் கூட்டிப் போனான். மகப்பேறு பிரிவில் இருந்த டாக்டர் த்ரிசலா இளவயதுக்காரர். வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பம் என்று வெளியே காத்திருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். எழிலரசியைப் படுக்கச் சொல்லிவிட்டு, காலில் நிற்கிற பைனாகுலர் போன்ற ஒரு கருவியை அருகில் இழுத்தார். பக்கத்தில் ஒரு டி.வி. திரையில் வெளிச்சம் வந்தது. திரை டாக்டரைப் பார்த்து இருந்தது.

"மேடம், அதுல என் உள்ளதான் தெரியுதா?"

"ஆமாம்மா."

"இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புறீங்களா? நானும் பாக்கறேன்."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். "எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு எப்ப முடியும்னு கேப்பாங்க. உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பாக்காம இருந்தாத்தான் மேடம் பயம்."

டாக்டர் திரையைத் திருப்பி வைத்தார்.

எழிலரசி பார்த்தாள். ஈரமாக, ரோஜா நிறத்தில், நடுவில் குழியோடு ஒரு வட்டம். அடுப்பில் வைப்பதற்கு முன் எண்ணெய் தடவிய பன் மாதிரி இருந்தது. இதன் வழியாகத்தான் மாறன் வந்தான், தென்றல் வந்தாள். இவ்வளவு சின்ன இடமா விரிந்து கொடுத்தது? உடம்பு அவளுடையது. அவளைத் தவிர டாக்டர்கள், நர்சுகள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

டாக்டர் பஞ்சால் தடவினார். அதே வாசனை. கொஞ்ச நேரத்தில் குழியின் மேல் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு இடம் மெல்ல வெளுத்தது. சுற்றி இருந்த இடம் மாறவில்லை.

"அது மட்டும் ஏன் மேடம் வெள்ளையாவுது?"

"முட்டையோட வெள்ளைக்கரு வெந்தா எப்படி வெளுக்குது? அதுல புரதம் இருக்கு. மாறிப்போன செல்லுல அந்த மாதிரிப் புரதம் ஜாஸ்தி. அதான் இந்த அமிலம் பட்டதும் வெளுக்குது. கொஞ்ச நேரத்துல மறுபடி மறைஞ்சிடும்."

"அது எப்படி மாறுது?"

"ஒரு வைரஸ். ஹெச்.பி.வி.னு பேரு. வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு உடம்பே அதை வெளிய தள்ளிடும். சிலருக்கு மட்டும் வருஷக்கணக்கா உள்ளயே தங்கி, செல்லை மெதுவா மாத்தும். ரொம்ப மெதுவா. அதனாலதான் முன்னாடியே பாத்தா பிடிச்சிடலாம்னு சொல்றோம்."

"வைரஸ் எப்படி வருது?"

டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். "புருஷன் பொண்டாட்டி சேர்க்கையில வரும். ஆம்பளைங்க உடம்புல இருந்தா அவங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணுமே தெரியாது. எப்ப வந்துச்சு, யாருகிட்டேயிருந்து யாருக்குன்னு எந்த டெஸ்ட்டாலயும் சொல்ல முடியாது. கல்யாணம் ஆனவங்கள்ல இது வராதவங்க ரொம்பக் கம்மி. அதனால யாரையும் குத்தம் சொல்றதுக்கு இதுல ஒண்ணுமில்ல."

சின்னதாகச் சதை கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எறும்பு கடித்தது போலச் சுருக்கென்றது. வெளியே வந்தபோது இளவரசன் மரத்தடியில் வண்டியின் கதவைப் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தான். கல்யாணத்துக்கு முன் அவன் லாரியில் கிளீனராக ஊர் ஊராகப் போனவன். எழிலரசியின் நாக்கு நுனிவரை ஒரு கேள்வி வந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று தோன்றியது. டாக்டருக்கே தெரியாத விஷயம். அவள் வாழ்க்கையில் கேட்காமல் விட்ட கேள்விகள் அதிகம் கிடையாது. அதை மட்டும் விழுங்கிவிட்டு வண்டியில் ஏறினாள்.

ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நாட்களில் ஒரு மதியம் இளவரசன் கஃபே வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தான். பின்கட்டில் அடுக்கியிருந்த விறகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"அது எதனால வருதாம்?"

டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் கை நின்றது.

"அப்போ என்னாலயா?"

"தெரியாதுங்க. யாருக்கும் தெரியாதாம்."

அவன் சோற்றை மறுபடி பிசைந்தான். பிறகு, "எங்க அக்காவுக்கும் இதான் இருந்திருக்கும், இல்ல?" என்றான்.

"இருக்கலாம்."

"ஒருத்தரும் பாக்கல எழிலு. எங்க மாமா ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போவல." அவன் கண்ணைத் துடைத்ததை அவள் பார்க்காதது போல ரசத்தை ஊற்றினாள்.

ரிசல்ட் வந்தது. புற்றுநோய் இல்லை. விட்டால் சில வருடங்களில் அப்படி ஆகக்கூடிய மாற்றம். அந்த இடத்தைச் சூடு வைத்துச் சுட்டுவிட்டால் போதும், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை என்றார் டாக்டர் த்ரிசலா.

"சூடு வைக்கிறதா? அடுப்புல தெனம் நான் வாங்குற சூடு பத்தலையா மேடம்?" என்று எழிலரசி சிரித்தாள். கருவியின் நுனி எவ்வளவு சூடாகும், சுட்ட இடத்தில் புதுத் தோல் வருமா என்று கேட்டுக்கொண்டே படுத்தாள். டாக்டர் பதில் சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. தீட்டு வரும்போது இழுப்பது போல அடிவயிறு இழுத்தது, அவ்வளவுதான். சில வாரங்கள் நீராகப் படும், கனமான பாத்திரம் தூக்கக் கூடாது, இருவரும் விலகி இருக்க வேண்டும், ஒரு வருடம் கழித்துக் கட்டாயம் வந்து பார்க்க வேண்டும் என்று சொன்னார். விலகி இருக்கச் சொன்னதைக் கேட்ட இளவரசன் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் விளம்பரத்தை உன்னிப்பாகப் படிக்கத் தொடங்கினான்.

எழிலரசி இதை மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, டி.வி.யில் தன் கர்ப்பப்பை வாயைப் பார்த்த கதையைச் சொன்னாள். "ச்சீ!" என்றார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக, "வலிச்சுதா?" "ஆம்பளை டாக்டரா?" "நெஜமாவே மூக்கு மாதிரியா இருந்துச்சு?" என்று கேட்டார்கள். குடம் நிரம்பி வழிந்தது.

இரண்டு நாள் கழித்து ராஜம்மாள் தனியாக வந்தார். பக்கத்துத் தெரு. ஐம்பத்தேழு வயது. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் மோரும் வெள்ளரிப் பிஞ்சும் விற்பவர். வந்தவர் விஷயத்துக்கு வராமல் மழை, மாடு என்று பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னா பெரியம்மா, சொல்லுங்க. எதுக்கு வந்தீங்க?"

ராஜம்மாள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். "எனக்குத் தீட்டு நின்னு ரொம்ப வருஷம் ஆச்சுடி. இப்ப கொஞ்ச மாசமா மறுபடியும் படுது. திரும்ப வர்றது நல்லதுதானே? உடம்புல இன்னும் தெம்பு கீதுன்னுதானே அர்த்தம்?"

எழிலரசிக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவரைக் கேட்போம் என்று அங்கேயே அன்புச்செல்விக்குப் போன் போட்டாள். கேட்டுக்கொண்டிருந்த நர்ஸின் குரல் மாறியது.

"நின்னுபோனவங்களுக்கு மறுபடி ரத்தம் பட்டா அது தீட்டு இல்ல எழிலரசி. வினிகர் டெஸ்ட்டெல்லாம் ஒண்ணும் தெரியாதவங்களுக்குத்தான். இவங்க நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும். நாளைக்கே கூட்டிட்டுப் போ."

ராஜம்மாள் வரமாட்டேன் என்றார். பௌர்ணமி வருகிறது, வியாபாரம் போய்விடும் என்றார். மருமகள் என்ன நினைப்பாள் என்றார். எழிலரசி வாதாடவில்லை. "அந்த ரத்தம் எங்கேருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிக்கத் தோணலையா பெரியம்மா?" என்று மட்டும் கேட்டாள். ராஜம்மாள் யோசித்தார். மறுநாள் காலையில் தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு இளவரசனின் வண்டிக்கு முன் வந்து நின்றார்.

அவருக்குப் புற்றுநோய் இருந்தது. அறுவை சிகிச்சை செய்கிற கட்டத்தைத் தாண்டியிருந்தது. கரன்ட் வைத்தால், அதாவது கதிர்வீச்சுக் கொடுத்தால், குணமாக வாய்ப்பு உண்டு என்றார்கள். முன்பே வந்திருந்தால் இவ்வளவு பாடு வேண்டியிருக்காது என்று டாக்டர் சொன்னபோது எழிலரசி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரே தெருக்குழாயில் எத்தனை மாதம் பக்கத்தில் நின்று தண்ணீர் பிடித்திருக்கிறோம்!

காஞ்சிபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் தங்கி வைத்தியம் நடந்தது. மருமகள் என்ன நினைப்பாளோ என்று ராஜம்மாள் பயந்தாரே, அந்த மருமகள்தான் கூடவே இருந்தாள். லீவு நாளில் எழிலரசி ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு பார்க்கப் போனாள். ராஜம்மாள் பாதியாகியிருந்தார். எதைத் தின்றாலும் தகரம் தின்பது போல இருக்கிறது என்று ரொட்டியை ஒதுக்கினார். பேச்சு மட்டும் குறையவில்லை.

"கரன்ட் வைக்கிறது எப்படி இருக்கு பெரியம்மா? சுடுதா?"

"ஒண்ணியுமே தெரியலடி. நான் பாட்டுக்குப் படுத்துக் கெடக்கேன். அந்த மிஷினு என்னைச் சுத்திச் சுத்தி வருது. இத்தினி வருஷம் மலையைச் சுத்துற ஜனத்துக்கு மோர் வித்தேன். இப்ப என்னைச் சுத்துது ஒண்ணு!"

இருவரும் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணும் என்னவென்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

ராஜம்மாள் திரும்பி வந்தார். பழைய தெம்பு இல்லை. குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது, அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும். மோர்ப் பானையை இப்போது மருமகள் தூக்கி வைக்கிறாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளர் நீட்டுகிறார். எழிலரசி ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்துக்கொண்டாள். வெளுத்த இடம் எதுவும் இல்லை. அடி அண்ணாமலையிலிருந்து புதன்கிழமை தோறும் யாராவது ஒரு பெண் ஹெல்த் சென்டருக்குப் போகிறாள். வாசல்வரை போய்த் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வருடம் தென்றலின் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு அந்த வைரஸுக்கான தடுப்பூசி போடப்போவதாகச் சொல்லிப் பெற்றோரை அழைத்தார்கள். எழிலரசியும் இளவரசனும் போனார்கள். ஹெட்மாஸ்டர் பேசி முடித்ததும் ஒருவர் எழுந்தார்.

"வயசுக்கு வந்த புள்ளைங்க சார். இதெல்லாம் கல்யாணத்துக்கு அப்பால பாத்துக்கக் கூடாதா?"

எழிலரசி வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நாலு பேர் கூடின இடத்தில் பேசியே பழக்கமில்லாத இளவரசன் எழுந்து நின்றிருந்தான்.

"வைரஸு வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தாங்க பலன் ஜாஸ்தி. அப்பால போட்டா கம்மி. ஊசி போட்டாலும் முப்பது வயசுக்கு மேல டெஸ்ட் பண்ணிக்கணும், அது வேற. எங்க வூட்ல பாத்ததை வெச்சுச் சொல்றேன். எங்க அக்கா இதுலதான் செத்துச்சுன்னு நெனைக்கிறேன். நாங்க யாரும் என்னான்னு கேக்கக்கூட இல்ல." சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்தான். காது மடல் சிவந்திருந்தது. கேள்வி கேட்டவர் தாடையைத் தடவிக்கொண்டார்.

அன்றைக்கே ஊசி போட்டு முடித்துக் கிளம்பியபோது எழிலரசி முன் சீட்டில் அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"ஜாஸ்தி, கம்மின்னு இவ்ளோ வெவரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த நர்ஸம்மா தெனம் காலையில நம்ம வண்டியிலதான வர்றாங்க. ஏதாச்சும் கேட்டுக்கிட்டேதான் ஓட்டுவேன்."

"என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லையே."

பின்னால் தென்றல் ஊசி போட்ட கையைத் தடவிக்கொண்டே, அப்பா எல்லார் முன்னாலும் எழுந்து பேசியதற்கு நாளைக்கு வகுப்பில் என்னென்ன கிண்டல் வரும் என்று புலம்பிக்கொண்டு வந்தாள். வேங்கிக்கால் அருகே தள்ளுவண்டியில் கொய்யா குவித்திருந்தார்கள். உப்பும் மிளகாய்த் தூளும் போட்டு வாங்கித் தந்தால் கை வலி போய்விடும் என்றாள். இளவரசன் வண்டியை ஓரம் கட்டினான்.